ஸ்போர்ட்ஸ் பிராவைக் குதித்துப் பார்த்து வாங்குங்கள்

ஓடும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து குளிக்க நின்று, முதல் தண்ணீர் மேலே பட்டதும்தான் மார்புக்குக் கீழே சுரீர் என்று ஒரு கோடு எரியும். 38 வயதில் ஓட ஆரம்பித்த எனக்கு முதல் மூன்று மாதமும் அந்தக் கோடு இருந்தது. பிரா இறுக்கிப் பிடிப்பதால்தான் தோல் உரிகிறது என்று நானே முடிவுகட்டி, ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். எரிச்சல் இரட்டிப்பானது.

கூட ஓடும் அக்கா ஒருவர் ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ ஓடுற நேரத்தைவிட பிராவை இழுத்து விடுற நேரம் அதிகமா இருக்கு. அது டைட் இல்லடி, லூசு. லூசா இருக்கறதுதான் மேலயும் கீழயும் போய்த் தோலைத் தேய்க்குது."

வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்தேன். மார்புக்குக் கீழே, விலா எலும்பை ஒட்டி, மூச்சை வெளியே விட்ட நிலையில் சுற்றளவு 32 இஞ்ச். மார்பின் எடுப்பான இடத்தில் 36. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்: ஒரு இஞ்ச் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். அப்படிப் பார்த்தால் எனக்கு வேண்டியது 32 டி. பல வருடமாக நான் போட்டுக்கொண்டிருந்தது 36 பி.

இத்தனை நாள் இது எப்படித் தெரியாமல் போயிற்று? 36 பி, 34 சி, 32 டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். விலாவைச் சுற்றும் பட்டை (அந்த எண்) சிறிதாகச் சிறிதாக எழுத்து ஏறும், அவ்வளவே. அதனால் கப் எனக்குக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, சந்தேகமே எழவில்லை. பட்டை மட்டும் நான்கு இஞ்ச் அதிகம். 'டி' என்றாலே ரொம்பப் பெரிது என்று கூச்சப்பட்டு 'பி'யிலேயே நின்றுவிடுகிற பெண்கள் நிறைய. அந்த எழுத்தை முன்னால் இருக்கும் எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தனியாக அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது.

ஸ்போர்ட்ஸ் பிராவில் வேலை பார்ப்பது பட்டை. தோளில் வரும் ஸ்டிராப் வெறும் உதவியாள். பட்டை தளர்ந்தால் பாரம் முழுக்கத் தோளுக்குப் போகும். சாயங்காலம் கழற்றும்போது தோளில் பள்ளம் விழுந்திருக்கும். நாம் உடனே 'ஸ்டிராப் சரியில்லை' என்போம்.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. சுரப்பித் திசு, கொழுப்பு, நடுவே மெல்லிய நார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்ததால் அவற்றுக்குக் கூப்பர் நார்கள் என்று பெயர். அந்த நார்களும் மேல்தோலும்தான் இயற்கை தந்த பிடிமானம். எத்தனை புஷ்-அப் எடுத்தாலும் அடியிலிருக்கும் நெஞ்சுத் தசை வலுக்குமே தவிர, மேலே குலுங்குவது குறையாது. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமா போகிறது? பக்கவாட்டிலும் போகிறது, முன்னும் பின்னும் போகிறது. மூன்றும் சேர்ந்து எட்டு போடுகிறது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் ஜோவானா ஸ்கர் உருவாக்கிய ஆய்வுக் குழு பல வருடமாக இந்த அசைவைத்தான் அளக்கிறது. 2012 லண்டன் மாரத்தானில் ஓடிய பெண்களிடம் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மார்பு வலி உண்டு என்றார்கள். ஆகவே வலித்தால் 'நமக்கு மட்டும்தான்' என்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்றைய ஸ்போர்ட்ஸ் பிரா பிறந்தது 1977இல்தான். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் லிசா லிண்டால், ஹிண்டா மில்லர், பாலி ஸ்மித் என்று மூன்று பெண்கள். ஆண்கள் விளையாடும்போது போடும் ஜாக்ஸ்டிராப் இரண்டை வெட்டி ஒன்றாகத் தைத்ததுதான் முதல் மாதிரி. இடுப்புக்கு இருந்த அகல எலாஸ்டிக் விலாவைச் சுற்றும் பட்டையாயிற்று, ஸ்டிராப்கள் முதுகில் குறுக்கே போயின. அப்போதே கதாநாயகன் அந்தப் பட்டைதான்.

கடையில் இரண்டு ரகம் இருக்கும். ஒன்று, இரு மார்பையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்துவது. தலைவழியாகப் போடும் பனியன் போலிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு மார்புக்கும் தனிக் கப் வைத்துத் தைத்தது. பெரும்பாலும் பின்னால் கொக்கி இருக்கும். சிறிய மார்புக்கு அழுத்துகிற ரகமே ஓடவும் போதும். பெரிய மார்பை ஒரே மூட்டையாக அழுத்தினால் நடுவில் தோலோடு தோல் ஒட்டி வியர்க்கும், வேர்க்குரு வரும், அசைவும் அடங்காது. அவர்களுக்குத் தனிக் கப், அல்லது தனிக் கப்பும் மேலே அழுத்தமும் இரண்டும் சேர்ந்தது. எஸ், எம், எல் என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்தால் நான் கொஞ்சம் தயங்குவேன். இரண்டு அளவுகளை ஓர் எழுத்தில் அடைக்கிற வேலை அது. வேறு வழியில்லை என்றால் அட்டவணையில் விலாச் சுற்றளவைப் பார்த்து எடுங்கள்.

லேபிளில் பிடிமானம் எவ்வளவு என்பதை லோ, மீடியம், ஹை என்று எழுதியிருப்பார்கள். அது ஆரம்பத்துக்கு உதவும். அதைவிட, உங்கள் பயிற்சியில் உடம்பு எந்தப் பக்கம் போகிறது, பிரா எதன்மேல் உராய்கிறது என்று யோசித்தால் தெளிவாகிவிடும்.

ஓட்டம், கயிறு தாண்டுதல், பாட்மிண்டன், கூடைப்பந்து, குதித்துக் குதித்துச் செய்யும் எல்லாம் ஒரே கூட்டம். இதில் சமரசம் வேண்டாம். அகலமான பட்டை, இரண்டு மூன்று வரிசைக் கொக்கி, அளவு மாற்றக்கூடிய அகல ஸ்டிராப், அக்குள் பக்கம் உயர்ந்த துணி. துணியைக் கையில் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் பாண்ட் மாதிரி நீண்டால் ஓட்டத்தில் அது உங்களோடு சேர்ந்து குதிக்கும். உள்பக்கத் தையலை விரலால் தடவுங்கள். கடையில் லேசாக நெருடுகிற தையல், எட்டாவது கிலோமீட்டரில் அரம். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். நைலான் அல்லது பாலியஸ்டரோடு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்தது நல்லது. நெடுந்தூரம் போகும் நாளில் பட்டை உட்காரும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்வேன். இதயத் துடிப்பு அளக்கும் பெல்ட் கட்டுகிறவர்கள் அதையும் கட்டிக்கொண்டே பிராவைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பெல்ட்டின் விளிம்பு பட்டைக்கடியில் மாட்டி எனக்கு ஒருமுறை தோல் பிய்ந்தது.

ஜிம் வேறு கதை. பளு தூக்கும்போது குலுங்கல் குறைவு. தொல்லை முதுகில். ஸ்குவாட்டுக்கு இரும்புக் கம்பியைத் தோளுக்குப் பின்னால் வைப்பீர்கள் அல்லவா, ரேசர்பேக் மாடலில் ஸ்டிராப்கள் முதுகு நடுவில் ஒன்றுகூடும் முடிச்சு சரியாக அந்த இடத்தில்தான் வரும். அங்கே உலோக வளையமோ கொக்கியோ இருந்தால் கம்பி அதை முதுகெலும்பில் பதித்துவிடும். பெஞ்ச் பிரஸுக்குப் படுக்கும்போது பின்கொக்கியும் அப்படியே. பளு தூக்கும் நாளுக்கு முதுகுப்பக்கம் தட்டையாக, கொக்கியில்லாமல் இருக்கும் நடுத்தரப் பிடிமானம் போதும். நடுவில் பர்பி, பாக்ஸ் ஜம்ப் என்று குதிக்கிற பயிற்சிகளை ட்ரெய்னர் கலந்துகட்டி அடிப்பார் என்றால் ஓட்டத்துக்கானதையே போட்டுக்கொண்டு போங்கள்.

யோகாவுக்கு அழுத்தம் எதிரி. மூச்சை இழுத்து விலாவை விரிக்கச் சொல்லும்போது பட்டை தடுத்தால் பாதிப் பயிற்சி வீண். மெல்லிய, வளையும் துணி எடுங்கள். ஆனால் கழுத்துப் பகுதி உயர்ந்திருக்கட்டும். அதோமுக சுவானாசனத்தில் தலைகீழாக நிற்கும்போது எல்லாம் கழுத்தை நோக்கி வரும். தாழ்ந்த கழுத்து என்றால் ஒரு கை பாயில், ஒரு கை மேலாடையில் என்றுதான் நிற்க வேண்டும். குப்புறப் படுக்கும் ஆசனங்களில் முன்பக்க ஜிப் நெஞ்சில் குத்தும்.

நடைக்கும் சைக்கிளுக்கும் நடுத்தரம். கரடுமுரடான பாதையில் சைக்கிள் விடுகிறவர்கள் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். குதிரையேற்றத்தை லேசாக நினைக்காதீர்கள், குதிரை துள்ளுநடை போடும்போது ஓட்டத்துக்குக் குறைவில்லாமல் குலுங்கும். நீச்சலுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவைப் போட்டுக்கொண்டு இறங்கவே வேண்டாம். குளத்துக் குளோரின் எலாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

மாதவிடாய்க்கு முந்தின நாள்களில் மார்பு கனத்து, தொட்டாலே நோகும். அந்த வாரத்துக்குக் கொக்கியை ஒரு வரிசை தளர்த்திக்கொள்ள முடிவதே கொக்கி வைத்ததை வாங்க எனக்குப் போதுமான காரணம். பால் கொடுக்கும் தாய்மார்கள் பயிற்சிக்கு முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டோ பாலை எடுத்துவிட்டோ கிளம்புங்கள். முடிந்ததும் பிராவைக் கழற்றுங்கள். இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்தால் பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும். கட்டியோ, ஒரு பக்கம் மட்டும் விடாத வலியோ இருந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இனி டிரையல் ரூம். புதுப் பிராவை மிகத் தளர்ந்த வரிசைக் கொக்கியில் மாட்டுங்கள். எலாஸ்டிக் நாளாக நாளாக இளகும், அப்போது உள்வரிசைக்குப் போகலாம். இப்போதே மிக இறுக்கமான கடைசி வரிசையில்தான் நிற்கிறது என்றால் அது உங்களுக்குப் பெரிது. பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், கை முழுக்க நுழையக் கூடாது. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? முதுகில் வில்லாக வளைந்து ஏறினால் தளர்வு. இரண்டு கையையும் தூக்குங்கள், பட்டை கூடவே மேலே ஏறக் கூடாது. ஸ்டிராப் இரண்டையும் தோளிலிருந்து இறக்கிவிட்டு நில்லுங்கள். பட்டை தானாக நின்றால் அது நல்ல பட்டை. கப்பில் சுருக்கம் விழுந்தால் பெரிது, அக்குளிலோ மேல்விளிம்பிலோ சதை பிதுங்கினால் சிறிது. நுரையீரல் நிறைய மூச்சிழுங்கள்.

அப்புறம் குதியுங்கள். கூச்சமே வேண்டாம். நின்ற இடத்திலேயே அரை நிமிடம் ஓடுங்கள், குனிந்து பாதத்தைத் தொடுங்கள், உங்கள் பயிற்சியில் எது உண்டோ அதைச் செய்யுங்கள். மகளுக்கு முதல் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கப் போனபோது உள்ளே அவள் தொம் தொம் என்று குதித்ததில் விற்பனைப் பெண் கதவைத் தட்டி, "என்ன ஆச்சு?" என்றாள். "டெஸ்ட் பண்றோம்" என்றேன். வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆகவே ஆகாது, இந்த வருடமும் போய்விடும்.

கழற்றியும் பாருங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தலைவழி ரகம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றும்போது, துணி தோள்பட்டையில் சுருண்டு, இரண்டு கையும் மேலே தூக்கிய நிலையில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் அந்தக் கோலத்திலேயே கடைப் பெண்ணைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வியர்வையில் நனைந்தபின் அது இன்னும் மோசமாக ஒட்டும். தோள்வலி உள்ளவர்கள் முன்ஜிப் அல்லது பின்கொக்கி பக்கம் போய்விடுங்கள்.

ஒன்று போதவில்லை என்று இரண்டு பிராவை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். மூச்சு முட்டும், வெந்து போகும். அந்த இரண்டின் காசில் சரியான ஒன்று வந்துவிடும்.

பராமரிப்பு சுருக்கம்தான். பயிற்சிப் பையில் ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம், இழைகளில் படிந்து வியர்வையை வெளியேற விடாது. டிரையர் சூடும் எலாஸ்டிக்குக் கேடு. இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் கூடுதல் நாள் வரும்.

மாற்றும் காலம் வந்ததை அதுவே சொல்லும். கடைசி வரிசைக் கொக்கியிலும் பட்டை முதுகில் ஏறும், துணியின் விளிம்பு அலையலையாக நிற்கும், குளிக்கும்போது அந்தப் பழைய கோடு எரியும். அந்த நாளோடு என் வீட்டில் அதற்கு ஓட்டத்திலிருந்து ஓய்வு. சில மாதம் யோகாவுக்கு வரும், பிறகு வீடு பெருக்கித் துடைக்கும் நாள்களுக்கு. இப்போது அலமாரியில் மூன்று பதவியிலும் ஆள் இருக்கிறது.