நாடித்துடிப்புச் சோதனை: அளப்பதும் அதைப் பற்றி எழுதுவதும்

பள்ளி அறிவியல் செய்முறைகளிலேயே மிகக் குறைந்த பொருள்களைக் கேட்பது நாடித்துடிப்புச் சோதனைதான். விநாடி காட்டும் கடிகாரம், ஏறி இறங்க ஒரு படி, எழுத ஒரு தாள் இருந்தால் போதும். இவ்வளவு எளிது என்பதாலேயே பலர் அதை ஏனோதானோவென்று செய்துவிட்டு, "உடற்பயிற்சி செய்தால் இதயம் வேகமாகத் துடிக்கும் என்று கற்றுக்கொண்டேன்" என்று கற்றல் குறிப்பை முடித்துவிடுகிறார்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிய எவருக்கும் தெரிந்த செய்தி அது. அதற்குச் சோதனையே தேவையில்லை. தாளில் இருக்கும் எண் எப்படிக் கிடைத்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை எழுதினால்தான் அது கற்றல் குறிப்பு. அப்படி எழுத வேண்டுமானால் அளக்கும்போதே கவனமாக இருக்க வேண்டும்.

விரலை எங்கே வைப்பது

உள்ளங்கை மேலே தெரியும்படி கையை மேசை மீது தளர்வாக வையுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஓர் எலும்பு விளிம்பு தட்டுப்படும். அதற்கு உள்பக்கம், மணிக்கட்டை மடக்கும்போது விறைக்கும் தசைநாண் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் தமனி ஓடுகிறது. மற்றொரு கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் அந்தப் பள்ளத்தில் மெல்லப் பதியுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கே உணரத்தக்க துடிப்பு உண்டு. நண்பரின் நாடியை எண்ணுவதாக நினைத்துக்கொண்டு உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள்.

துடிப்பு கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அழுத்தம் அதிகமானதுதான். தமனி நசுங்கி இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் வளையுங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தேடுங்கள். கழுத்தில் துடிப்பு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அங்கே அழுத்தினால் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் தூண்டப்பட்டுத் துடிப்பு குறையக்கூடும். அளக்கப் போனதை அளக்கும் விரலே மாற்றிவிடும். கழுத்தின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்துவது ஆபத்து. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து மயக்கம் வரலாம். மணிக்கட்டே போதும்.

எண்ணும் முறை

ஒரு துடிப்பின் மீது ஸ்டாப்வாட்சைத் தொடங்கினால் அந்தத் துடிப்பைப் "பூஜ்யம்" என்று எண்ண வேண்டும். அடுத்ததுதான் "ஒன்று". நாம் எண்ணுவது துடிப்புகளுக்கு இடைப்பட்ட இடைவெளிகளை. முதல் துடிப்பையே "ஒன்று" என்று தொடங்கினால் கணக்கில் ஒன்று கூடிவிடும். அந்த ஒன்று எவ்வளவு பெரிதாகும் என்பது நீங்கள் எண்ணும் நேரத்தைப் பொறுத்தது. 60 விநாடி எண்ணினால் பிழை நிமிடத்துக்கு 1. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் 2. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 4. 10 விநாடி என்றால் 6.

பெருக்கல் இன்னொரு வேலையும் செய்கிறது. 15 விநாடியில் 18 துடிப்பு என்றால் 72, 19 என்றால் 76. நடுவில் உள்ள 73, 74, 75 அந்த முறையில் கிடைக்கவே கிடைக்காது. ஒரு வகுப்பின் அட்டவணை முழுக்க 68, 72, 76, 84 என்று நான்கின் மடங்குகளாகவே இருந்தால், எல்லோரும் 15 விநாடிதான் எண்ணியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு "எனக்கு 72, அவளுக்கு 76, ஆகவே என் இதயம் மெதுவாகத் துடிக்கிறது" என்று எழுதுவது செல்லாது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு துடிப்பு. எண்ணுவதில் நேரும் பிழையின் அளவும் அதுவே.

ஓய்வு நிலைத் துடிப்பு

நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பேசக் கூடாது என்பதைத்தான் முதலில் மீறுவார்கள். பேச்சும் சிரிப்பும் துடிப்பைக் கூட்டும். பிறகு முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். ஒரு நிமிட இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை. 74, 71, 71 என்று வந்தால் சராசரி 72. முதல் எண் மட்டும் மற்றவற்றைவிட 10, 15 கூடுதலாக இருந்தால் ஓய்வு போதவில்லை என்று பொருள். மேலும் சில நிமிடம் உட்கார்ந்து நான்காவது முறை எண்ணுங்கள். முதல் எண்ணை ரப்பரால் அழிக்காதீர்கள். ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை: நேரம், உட்கார்ந்தா நின்றா, கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, காபியோ தேநீரோ குடித்ததுண்டா, இரவு சரியாகத் தூங்கினீர்களா, அறை வெப்பமாக இருந்ததா. எழுந்து நின்றாலே துடிப்பு கூடும். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு கூடும். காய்ச்சல் நாளில் எடுத்த எண்ணை மற்ற நாள்களோடு ஒப்பிட முடியாது.

வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. சிறு குழந்தைகளுக்கு இதைவிடச் சற்று அதிகம். நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு 60-க்குக் கீழே இருப்பதுண்டு. எண்ணும்போது மூச்சை இழுத்தால் துடிப்பு சற்று வேகமாகவும் விட்டால் மெதுவாகவும் போவதைச் சில மாணவர்கள் கவனித்துப் பயந்துபோகிறார்கள். இளம் வயதில் அது இயல்பான ஒன்று. குறிப்பில் எழுதத் தகுந்த நல்ல கவனிப்பும்கூட. மூச்சோடு தொடர்பில்லாமல் துடிப்பு தாறுமாறாக இருந்தாலும், ஓய்விலேயே எப்போதும் 100-க்கு மேல் இருந்தாலும், கூடவே தலைசுற்றல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி ஏறி இறங்கும் பகுதி

30 செ.மீ. உயரமுள்ள, ஆடாத படி. குள்ளமான மாணவர்களுக்கு 20 செ.மீ. போதும், எந்த உயரம் என்பதைக் குறித்துவிடுங்கள். வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கால் கீழே, இடது கால் கீழே என்பது ஒரு சுற்று. நிமிடத்துக்கு 24 சுற்று, மொத்தம் 3 நிமிடம். செல்போனில், சீரான இடைவெளியில் ஒலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 96-இல் வைத்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கால் என்று எடுத்து வைத்தால் வேகம் சரியாக இருக்கும். மெட்ரோனோம் இல்லாமல் செய்தால் முதல் நிமிடம் உற்சாகமாகவும் கடைசி நிமிடம் இழுத்துக்கொண்டும் போகும். அப்படி வந்த எண்ணை மறுநாள் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, காய்ச்சல் உள்ளவர்களும் காலையிலிருந்து சாப்பிடாதவர்களும் ஏற வேண்டாம். அவர்கள் நேரம் பார்க்கலாம், பதிவு செய்யலாம்; அதுவும் இதில் உண்மையான வேலைதான். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திப் படுக்கவைத்து, ஆசிரியரை அழையுங்கள்.

3 நிமிடம் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, 5 விநாடிக்குள் எண்ணத் தொடங்குங்கள். இங்கே மட்டும் 15 விநாடி. ஓய்வில் 60 விநாடி எண்ணச் சொல்லிவிட்டு இப்போது 15 ஏன்? ஓய்வில் துடிப்பு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது; நீண்ட நேரம் எண்ணினால் பிழை குறையும். உழைப்பு நின்றதும் துடிப்பு விறுவிறுவென்று இறங்குகிறது. முழு நிமிடம் எண்ணினால் உச்சமும் இறக்கமும் கலந்த ஒரு சராசரிதான் மிஞ்சும். 132-இல் தொடங்கி ஒரு நிமிடத்தில் 104-க்கு வந்தவருக்கு 115-ஐ ஒட்டி ஓர் எண் கிடைக்கும். 132 என்ற உச்சம் தாளிலேயே வராது. 4 துடிப்புப் பிழையை ஏற்றுக்கொண்டு உச்சத்தைப் பிடிப்பது இங்கே லாபம்.

நிறுத்திய உடனே ஒரு முறையும், பிறகு 1, 2, 3, 5 நிமிடங்கள் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் 15 விநாடி எண்ணி, எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள். பெருக்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடுவில் விரலை எடுக்காமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக 33, 26, 23, 21, 19 என்று வந்தால் நிமிடத்துக்கு 132, 104, 92, 84, 76. முதல் நிமிடத்தில் 28 இறங்கியிருக்கிறது, அடுத்த நிமிடத்தில் 12, அதற்கடுத்து 8.

கடைசி எண் 76. ஓய்வு நிலை 72. இதயம் ஓய்வுக்குத் திரும்பிவிட்டதா, இல்லையா? இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இடையில் உள்ள 4, பதினைந்து விநாடிக் கணக்கில் ஒரே ஒரு துடிப்பு. ஐந்தாவது நிமிடத்தில் இறக்கம் மெதுவாகிவிடுவதால் அங்கே மட்டும் மீண்டும் 60 விநாடி எண்ணினால் விடை கிடைக்கும். இதைத் தானாகக் கண்டுபிடித்து எழுதும் மாணவர், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கற்றிருக்கிறார்.

ஸ்மார்ட்வாட்சை நம்பலாமா? ஓய்வில் நம்பலாம். தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வை வைத்து அது இரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. பல விநாடிகளுக்கான சராசரியைக் காட்டுவதால், வேகமாக மாறும் முதல் நிமிடத்தில் பின்தங்கிவிடும். பட்டை தளர்வாக இருந்தாலோ கை அசைந்தாலோ எண்ணும் அலையும். விரலால் எண்ணியதையும் கடிகாரம் காட்டியதையும் பக்கம் பக்கமாக எழுதுவதே நல்ல சோதனை.

ஏன் முதல் நிமிடத்தில் அவ்வளவு இறக்கம்

இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சைத் தனியே விட்டுவிட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு பிரேக் போட்டதுபோல அதை 70 வாக்கில் இழுத்துப் பிடித்திருக்கிறது. படியேறத் தொடங்கியதும் முதலில் நடப்பது அந்தப் பிரேக் தளர்வதுதான். பிறகுதான் உடலை உழைப்புக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகளும் அட்ரினலின் என்ற ஹார்மோனும் வேகத்தைக் கூட்டுகின்றன. நின்றதும் பிரேக் உடனே திரும்பப் பிடிக்கிறது. முதல் நிமிடத்தின் செங்குத்தான இறக்கம் பெரும்பாலும் அதன் வேலை. மிச்சம் உள்ள மெதுவான இறக்கத்தில், இரத்தத்தில் உள்ள அட்ரினலின் கரைவதும் உடல் வெப்பம் தணிவதும் சேர்ந்திருக்கின்றன. வரைபடத்தில் கோடு முதலில் சரிந்து பிறகு படுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

வரைபடத்தில் நிமிடங்கள் கிடையச்சில், துடிப்பு செங்குத்து அச்சில். செங்குத்து அச்சை 60-இலிருந்து தொடங்கினால் இறக்கம் பெரிதாகத் தெரியும். தவறில்லை, ஆனால் அதைக் குறிப்பிட வேண்டும். ஓய்வு நிலையை ஒரு கிடைக்கோடாகப் போடுங்கள். கடைசிப் புள்ளியிலிருந்து அந்தக் கோடு வரை கற்பனையாகக் கோட்டை நீட்டாதீர்கள்.

குறிப்பு எழுதுவது

படியேறும் முன்பே ஒரு வரி எழுதி வையுங்கள்: என் துடிப்பு எவ்வளவு உயரும், எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வரும் என்று நினைக்கிறேன்? சோதனைக்குப் பிறகு எழுதினால் எல்லோருடைய ஊகமும் சரியாகவே இருக்கும். அந்த ஊகத்துக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து குறிப்பைத் தொடங்குங்கள். இப்படி:

"இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்தாவது நிமிடத்திலும் 76 இருந்தது. ஆனால் நான் 15 விநாடிதான் எண்ணினேன், ஒரு துடிப்பு தவறினால் 4 மாறும். அதனால் திரும்பிவிட்டதா என்று தெரியவில்லை. அடுத்த முறை ஐந்தாவது நிமிடத்தில் 60 விநாடி எண்ணுவேன்."

ஐந்து வரிதான். இதில் ஊகம் இருக்கிறது, எண் இருக்கிறது, எண்ணின் பலவீனம் இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்பதும் இருக்கிறது. "இதயம் நமது உடலின் மிக முக்கியமான உறுப்பு" என்று தொடங்கும் ஒரு பக்கத்தைவிட இது மேல்.

உடல்நலம் பற்றிய முடிவுகளில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "எனவே தினமும் உடற்பயிற்சி செய்தால் இதயம் வலுவாகும்" என்பது உண்மைதான், ஆனால் இந்தச் சோதனை அதைக் காட்டவில்லை. காட்ட வேண்டுமானால் தொடர்ந்து பயிற்சி செய்துவிட்டு, 6 அல்லது 8 வாரம் கழித்து அதே படி, அதே வேகம், அதே நேரம் என்று மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும். உச்சத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தையும் பலர் எழுதுகிறார்கள். அது தோராயம் மட்டுமே. ஒரே வயதினருக்குள்ளேயே 10, 12 துடிப்பு சாதாரணமாக வேறுபடும்.

யார் வேகமாகத் திரும்பினார்கள் என்று வகுப்பில் வரிசைப்படுத்துவதும் தேவையற்ற வேலை. ஒரு நாள் எண்ணில் தூக்கம், வெப்பம், பதற்றம் எல்லாம் கலந்திருக்கின்றன. உடல் பற்றிய தகவல் என்பதால் பொது அட்டவணையில் பெயர் எழுதாமல் அ, ஆ, இ என்று குறியீடு கொடுங்கள். எந்த எழுத்து யாருடையது என்ற தாள் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்.