நெஞ்சு அறுவைக்கு ரோபோ: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கே 2022-ல் அறுவை ரோபோ வந்துவிட்டது. சில தனியார் மருத்துவமனைகளில் அதற்கும் முன்பே. 'நாமும் வாங்கிவிட வேண்டும்' என்ற அவசரத்தில் கொள்முதல் குழுக்கள் முதலில் தடுமாறுவது ஒப்பீட்டில்தான்.

விற்க வருபவர்கள் காட்டும் அட்டவணையில் ரோபோவுக்கு எதிரே பெரும்பாலும் நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைதான் இருக்கும். வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் சிறு துளையில் கேமராவை நுழைத்துச் செய்யும் 'வாட்ஸ்' முறையிலேயே அதில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. வாட்ஸைவிட என்ன கூடுதல் என்று கேளுங்கள். ஷாங்காயில் 320 நுரையீரல் புற்றுநோயாளிகளை ரோபோ, வாட்ஸ் என இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. சிக்கல்களில் பெரிய வித்தியாசமில்லை. ரோபோவில், புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் நிணநீர்க் கணுக்களைச் சற்று அதிகம் எடுக்க முடிந்தது, செலவும் கூடியது.

அதைவிடப் பெரிய தவறு, அந்த நோயாளிகளையும் நம்மவர்களையும் ஒன்றாக நினைப்பது. தாம்பரம் சானடோரியம் காசநோய்க்காக 1928-ல் தொடங்கியது. அந்த நோய் இன்னும் நம்மை விடவில்லை. பழைய காசநோயோ சீழோ இருந்த நெஞ்சில் நுரையீரல் சுவரோடு அப்பிக்கொண்டிருக்கும். ரோபோவின் கைகள் அசைவதற்கு உள்ளே இடமே இருக்காது. அப்புறம், பெரும்பாலான ரோபோக்களில் திசுவை எவ்வளவு இழுக்கிறோம் என்பது சர்ஜனின் கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் டாவின்சி ரோபோ வரிசையில், அமெரிக்காவில் 2024-ல் அனுமதி பெற்ற டாவின்சி 5-ல்தான் விசையை உணர்த்தும் கருவிகள் வந்தன. அதனால் உங்கள் மருத்துவமனையின் சென்ற ஆண்டுப் பதிவேட்டை எடுங்கள். எத்தனை பேருக்கு ஒட்டுதல் இருந்தது, எத்தனை பேருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டிவந்தது என்று எண்ணிவிட்டு டெமோவுக்குப் போங்கள்.

நான் இருந்த ஒரு குழு ரத்தப்போக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. நுரையீரல் தமனி கிழிந்தால் நொடிகள்தான் கணக்கு. சர்ஜனோ சற்றுத் தள்ளி, ரோபோவை இயக்கும் கன்சோலில், கையுறைகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பார். படுக்கையருகே நிற்கும் உதவி சர்ஜன் பஞ்சை வைத்து அழுத்த வேண்டும், ரோபோவைக் கழற்றி நகர்த்த வேண்டும், நெஞ்சைத் திறக்க வேண்டும். உங்கள் தியேட்டரில், உங்கள் நர்ஸ்களை வைத்து, கடிகாரம் பார்த்து ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். மறுக்கும் நிறுவனத்தோடு மேலே பேச வேண்டாம்.

விலை என்றதும் இயந்திரத்தை மட்டும் பார்க்கிறார்கள். கருவிகள் பலவற்றுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு உண்டு. அது தீர்ந்தால் இயந்திரமே ஏற்காது. திசுவைப் பின் அடித்து மூடும் ஸ்டேப்ளர், ஆண்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கேஸுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் ரோபோ அறுவை சேர்ந்திருந்தாலும் பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. மீதி நோயாளியின் தலையில்தான் விழும்.

கடைசியாக, அதே ரோபோவை யூராலஜியும் மகளிர் மருத்துவமும் எடுத்தது போக நெஞ்சுக்கு வாரத்தில் எந்த நாள்? மாதம் ஒரு கேஸ் செய்தால் குழுவுக்குக் கை பழகாது. அந்த நாளை, இயந்திரம் வருவதற்கு முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.