எஸ்எம்பிஎஸ்ல 8 பின் இல்லயா? அடாப்டர் போட்டு கிராபிக்ஸ் கார்டு மாட்டுறது எப்படி

செகண்ட் ஹேண்ட்ல ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர்னு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வந்தாச்சு, கேபினெட்ட தொறந்து ஸ்லாட்ல உக்கார வச்சாச்சு, அப்புறம் பாத்தா கார்டு பவருக்கு 8 பின் கனெக்டர் கேக்குது, நம்ம எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பெட்டி) தொங்குறதோ ஒரே ஒரு 6 பின், சில பேருக்கு அதுவும் இருக்காது. எனக்கு அப்படித்தான் ஆச்சு. கடைல போய் நின்னா "கன்வெர்ட்டர் இருக்கு தம்பி"ன்னு ஒரு கவர்ல போட்டு குடுத்துருவாங்க, அத எதுல மாட்டலாம் எதுல மாட்டக்கூடாதுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

அடாப்டர் கரண்ட உண்டு பண்ணாதுங்க, பின்னோட ஷேப்ப மட்டும்தான் மாத்தும். அதனால மொதல்ல கணக்கு. மதர்போர்டு ஸ்லாட்டு அதிகபட்சம் 75 வாட் குடுக்கும், 6 பின் 75, 8 பின் 150. 1660 சூப்பருக்கு மொத்தமே 125 வாட் தான், அப்போ ஸ்லாட்டும் 6 பின்னும் சேந்தாலே 150 வந்துருது, 6 பின்ல இருந்து 8 பின் அடாப்டர் போட்டு ஓட்டிக்கலாம். அதே இடத்துல ஆர்எக்ஸ் 580 வச்சீங்கன்னா அது 185 வாட் கார்டு, ஒரு 6 பின்ன நம்பி மாட்டாதீங்க.

அடுத்து எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டிருக்க லேபிள படிங்க, பெட்டில பெருசா 450ன்னு போட்டுருக்கறத நம்பாதீங்க. 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு பாத்து 12ஆல பெருக்குங்க, 30 ஆம்பியர்னா 360 வாட், 18 ஆம்பியர்னா வெறும் 216. கார்டுக்கு 125, சாதாரண ப்ராசசருக்கு ஒரு 65ல இருந்து 90, ஃபேன் ஹார்ட்டிஸ்க் எல்லாம் சேத்து ஒரு 40, அதுக்கு மேல கொஞ்சம் மிச்சம் இருக்கணும். 216ல எந்த அடாப்டரும் காப்பாத்தாது, காச சேத்து வேற எஸ்எம்பிஎஸ் வாங்குறது தான் வழி.

இப்போ அந்த 6 பின் வயர எண்ணிப் பாருங்க. முழுசா இருந்தா மூணு மஞ்சள் (12 வோல்ட்), மூணு கருப்பு (கிரவுண்டு) இருக்கும், எல்லாமே கருப்பா இருக்க எஸ்எம்பிஎஸ்னா கனெக்டருக்குள்ள ஆறு பின்னும் இருக்கான்னு பாருங்க. சில மட்டமான எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட்டுக்கு ரெண்டு வயர் தான் விட்டுருப்பாங்க, அதுல 8 பின் அடாப்டர் வேணாம். ஏன்னா 8 பின்லயும் 12 வோல்ட் வயர் அதே மூணு தான், கூட வர்ற ரெண்டும் கிரவுண்டு பக்கம் போறது, அத வச்சுதான் கார்டு "சரி 150 வாட் இழுக்கலாம்"னு நெனச்சுக்கும். அதாவது அந்த அடாப்டர் கார்டுகிட்ட ஒரு பொய் சொல்லுது, அந்தப் பொய்யத் தாங்குற வயரு பின்னாடி இருக்கணும்.

6 பின்னே இல்லன்னா மோலெக்ஸ், அதான் பழைய ஹார்ட்டிஸ்க்குக்கு மாட்டுற பெரிய 4 பின் வெள்ளை கனெக்டர். அதுல 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு மஞ்சள் வயர், செகப்பு 5 வோல்ட், அது நமக்கு வேணாம். ரெண்டு மோலெக்ஸ் சேந்து ஒரு 6 பின்னா மாறுற அடாப்டர் வாங்குங்க, ஒத்த மோலெக்ஸ்ல இருந்து வர்றது வேணாம். முக்கியமா அந்த ரெண்டு மோலெக்ஸும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனித்தனியா வர்ற ரெண்டு வயர்ல இருக்கணும், ஒரே வயர்ல வரிசையா தொங்குற ரெண்டுல மாட்டுனா அடாப்டர் ரெண்டு கை நீட்டுனாலும் மொத்த லோடும் ஒரே மஞ்சள் வயர் மேல தான். மோலெக்ஸ் பின் தள்ளும்போது பின்னாடி நழுவிப் போறது சகஜம், மாட்டிட்டு ஒவ்வொரு வயரையும் லேசா இழுத்துப் பாருங்க.

சாட்டா அடாப்டர தொடாதீங்க, சாட்டான்னா இப்போ வர்ற ஹார்ட்டிஸ்க்குக்கு மாட்டுற தட்டையான கனெக்டர். சாட்டா பவர்ல 12 வோல்ட்டுக்கு மூணு குட்டி பின், ஒவ்வொண்ணும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5, அது 54 வாட். 6 பின் கேக்கறது 75. இருந்தும் சாட்டாவுல இருந்து 6 பின், 8 பின் அடாப்டரெல்லாம் ஜோரா விக்கறாங்க, பிளாஸ்டிக் உருகி கருகுறதெல்லாம் பெரும்பாலும் இதுல தான். சாட்டா வயர் மட்டுமே இருக்க பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்னா அடாப்டர் தேடாம தனி பவர் வயரே கேக்காத கார்டா பாருங்க, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட் தான், ஜிடிஎக்ஸ் 1050 டிஐல பெரும்பாலான மாடலும் ஸ்லாட்டு பவர்லயே ஓடும்.

இன்னொண்ணு, ப்ராசசருக்குப் போற 4+4 பின்னும் பாக்க 8 பின் மாதிரியே இருக்கும், அழுத்துனா போயிரும்போலத் தோணும். அதுல 12 வோல்ட்டும் கிரவுண்டும் தலைகீழா இருக்கும், திணிச்சா ஷார்ட்டு. கார்டுக்குள்ளது 6+2ன்னு பிரியும், அப்படித்தான் அடையாளம். கழட்டி மாட்டுற மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா ஃப்ரெண்டு வீட்டுல இருந்து வேற கம்பெனி கேபிள வாங்கிட்டு வந்து சொருகாதீங்க, எஸ்எம்பிஎஸ் பக்க பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

மாட்டுறது ரெண்டு நிமிஷ வேல. பிளக்க புடுங்கிட்டு பவர் பட்டன ஒரு பத்து செகண்டு அமுக்கிப் புடிங்க, கார்ட ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்க, அடாப்டர மொதல்ல எஸ்எம்பிஎஸ் வயர்ல மாட்டி அப்புறம் கார்டுல க்ளிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் தள்ளுங்க. வயர் ஃபேன்ல படாம கட்டி விடுங்க.

(புது கார்டுல வர்ற 16 பின் பவர் கனெக்டர் தனி கத. 2022ல ஆர்டிஎக்ஸ் 4090 வந்தப்போ கனெக்டர் உருகுச்சுன்னு பெரிய ரகளை ஆச்சுல்ல, முழுசா உள்ள போகாம நின்னது ஒரு முக்கியமான காரணம். அதுக்கு கார்டு பெட்டில வர்ற அடாப்டரையே போடுங்க, கனெக்டர் பக்கத்துலயே வயர மடக்காதீங்க.)

ஆன் பண்ணி படம் வந்துருச்சுன்னு உடனே கேம்ல எறங்காதீங்க, சும்மா இருக்கும்போது எல்லா கார்டும் ஓடும். கார்டுக்கு முழு லோடு குடுக்குற ஃபர்மார்க் மாதிரி சாஃப்ட்வேர் ஏதாவது பத்து நிமிஷம் ஓட விட்டு, கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல 12 வோல்ட் காட்டுனா கவனிங்க, 11.4க்கு கீழ எறங்கக்கூடாது. நடுவுல அடாப்டர் கனெக்டர வெரலால தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கை வைக்க முடியலன்னா இல்ல கருகுன வாட வந்தா உடனே ஆஃப். ஒண்ணும் சூடாகாம லோடு ஏறுனதும் கம்ப்யூட்டர் டப்புன்னு அணைஞ்சா பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் தாங்கல. எனக்கு அப்படி ரெண்டு தடவ ஆச்சு, ஆஃப்டர்பர்னர்னு கார்டு செட்டிங் மாத்துற சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்ட 80 சதவீதத்துக்கு எறக்கி வச்சு சம்பளம் வர்ற வரைக்கும் ஓட்டுனேன், அப்புறம் நேரா 8 பின் வர்ற 550 வாட் ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு, அந்த அடாப்டர் இப்போ ட்ராயர்ல கெடக்கு.