எடையைக் குறைத்தாயிற்று, டிரெய்னர் ஆவது எப்படி?

எடையைக் குறைத்தவரைப் பார்த்தால் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்படிக் குறைச்சீங்க?" பத்துப் பேருக்குப் பதில் சொன்ன பிறகு, இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு 41 வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். நீங்களும் அந்த யோசனையில் இருந்தால், நான் இடறிய இடங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

38 வயதில் என் எடை 97 கிலோ. தரையில் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது கை தானாகச் சுவரைத் தேடும். ஒருநாள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். ஏழாவது முறையோடு தொடை வெடவெடத்தது. ஒரு நோட்டில் 'ஏழு' என்று எழுதி வைத்தேன். இரண்டு நாள் கழித்து எட்டு. இப்படியே போய், 14 மாதத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். நடுவே நாலு மாதம் எடை 83ஐ விட்டு நகரவே இல்லை. ஆனால் நோட்டைப் புரட்டினால், அதே நாலு மாதத்தில்தான் ஸ்குவாட் (கனத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 30 கிலோவிலிருந்து 55க்கு ஏறியிருந்தது. நீங்களும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எடை நகரவில்லை என்று முகம் வாடி நிற்கும் கிளையண்டிடம் பேச அது உதவும்.

ஆனால் அந்த நோட்டு என் ஒரு உடம்பைப் பற்றியது. இது புரியாமல்தான் முதல் தப்பைச் செய்தேன். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த 52 வயதுக்காரர் ஒருவர் ஆசையாகக் கேட்டார். எனக்குப் பலித்த அட்டவணையை அப்படியே அவருக்குக் கொடுத்தேன், ஒரு காலை முன்னே வைத்து முட்டியை மடக்கி இறங்கும் லஞ்சஸ் உட்பட. மூன்றாம் நாள் முட்டி வீங்கி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். பல வருஷத்துக்கு முன்பே அந்த முட்டியில் அடிபட்டிருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அதனால், டம்பெல்லைத் தொடுவதற்கு முன் கேள்வித்தாள். ஒருவர் உடற்பயிற்சி தொடங்கலாமா என்று பார்க்க, பார்-கியூ பிளஸ் என்று ஒரு படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள்: இதய நோய் அல்லது ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, தலைசுற்றலும் மயக்கமும், வேறு நாள்பட்ட நோய், மாத்திரைகள், எலும்பு மூட்டுப் பிரச்சினை, மருத்துவர் கண்காணிப்பில்தான் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்ற அறிவுரை. எதற்காவது 'ஆம்' வந்தால் அடுத்த பக்கங்களின் கேள்விகளையும் கேளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை.

அடுத்தது சான்றிதழ். ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. ஆகிய நான்கு அமெரிக்க அமைப்புகள் தரும் டிரெய்னர் சான்றிதழ்கள் பல நாடுகளில் மதிக்கப்படுபவை. ஏ.சி.இ. தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். தேர்ச்சி பெற்ற பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 20 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தசைப் பெயர்களை மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்துபோகிறது. நான் என் உடம்பிலேயே தொட்டுப் படித்தேன். ஒற்றைக் காலில் நின்று, அந்தப் பக்க இடுப்பின் ஓரத்தில் விரல்களை வைத்தால் ஒரு தசை இறுகுவது தெரியும். அதுதான் குளூட்டியஸ் மீடியஸ். தேர்வறையிலும் மேஜைக்கடியில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது வேறு கதை.

இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தித் தரும் முதலுதவிதான் சி.பி.ஆர். அந்தப் பயிற்சியை வீடியோவோடு முடித்துக்கொள்ளாதீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் என்று படிக்கச் சுலபம். பொம்மையின் மார்பில் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள், தோள் கழன்றுவிடும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அனுபவமுள்ள ஒருவரிடம் போய்ச் சும்மா நின்று பாருங்கள். நான் மூத்த பெண் டிரெய்னர் ஒருவரிடம் மூன்று மாதம் நின்றேன். உண்மையான படிப்பு அங்கேதான். அந்த அம்மா ஒரு செட்டில் (ஓய்வெடுக்காமல் செய்யும் ஒரு சுற்றில்) ஒரே ஒரு திருத்தம்தான் சொல்வார். முட்டி உள்ளே சாய்கிறதா என்று பார்க்க முன்னால் நிற்பார், முதுகைப் பார்க்கப் பக்கவாட்டுக்குப் போவார். நானோ ஒரே மூச்சில், "முதுகை நிமிர்த்துங்க, முட்டியை வெளியே தள்ளுங்க, மூச்சை விடுங்க, குதிகாலைத் தூக்காதீங்க" என்று கொட்டுவேன். ஒருமுறை கிளையண்ட் பாதி ஸ்குவாட்டில் அப்படியே நின்று, எதை முதலில் செய்வது என்று என்னைப் பார்த்தார். அந்த அம்மா வந்து, அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதைத் தொட்டுட்டு எழுந்திருங்க" என்றார், அவ்வளவுதான். முதுகு, முட்டி, குதிகால் எல்லாம் தன்னால் சரியாயின. உடம்புக்கு வெளியே இருக்கும் ஒன்றில் கவனம் வைத்தால் அசைவு நன்றாக அமைகிறது என்பதைக் கேப்ரியேல் உல்ஃப் என்ற ஆய்வாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். எனக்குப் புரியவைத்தது அந்த நாற்காலிதான்.

கனத்தைக் கூட்டும் விஷயத்தில் பேராசை வேண்டாம். செட் முடிந்ததும், "இன்னும் எத்தனை முடியும்?" என்று கேளுங்கள். புதியவருக்கு இரண்டு மூன்று மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது. தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொடங்குபவருக்கு அந்த இரண்டு நாளே தாராளம். முதல் வாரத்தில் உடம்பெல்லாம் வலித்தால்தான் பயிற்சி என்று நினைக்கும் டிரெய்னரிடம் இரண்டாவது வாரம் யாரும் வருவதில்லை.

வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். கிளையண்டுகள் வருவது விடியற்காலையிலும் மாலையிலும்தான். பகலெல்லாம் காலியாகக் கிடக்கும். நான் 11 மாதம் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். பயிற்சி வருமானம் சம்பளத்தில் பாதியைத் தொட்ட பிறகுதான் ராஜினாமா எழுதினேன். கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொன்னால் கட்டணம் உண்டா இல்லையா என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொந்த உடற்பயிற்சிக்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள், முதலில் பறிபோவது அதுதான்.

அப்புறம், எடை குறைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த 'முன்–பின்' படம். நானும் சுவரில் மாட்டியிருந்தேன். ஒரு பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்று, "எனக்கும் 14 மாசத்துல இப்படி ஆயிடுமா?" என்று கேட்டார். ஆகும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று மாலையே கழற்றிவிட்டேன்.

முட்டி வீங்கிய நண்பர், பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகு ஒருநாள் திரும்பி வந்தார். ஏழு கேள்விகளையும் கேட்டேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். எண்ணிக்கை ஒன்பதில் நின்றது. என் பழைய நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினேன். "உங்களைவிட ரெண்டு கூட!" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.