டிக்கியில் ஒட்டிய எழுத்துகளைக் கீறல் விழாமல் எடுக்க

காரின் பின்பக்கம் இருக்கும் மாடல் பெயர், வேரியண்ட் எழுத்துகள் பெரும்பாலும் இருபக்க டேப்பில்தான் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். தேவை ஒரு ஹேர் டிரையரும் கொஞ்சம் தூண்டில் நரம்பும்தான்.

முதலில் அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். மண் துகள் இருந்தால் அதுவே கீறும். டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் ஆட்டி ஆட்டிச் சூடு காட்டுங்கள். பிறகு நரம்பை எழுத்துக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் அறுப்பதுபோல் இழுங்கள். வரவில்லையா, மறுபடி சூடு காட்டுங்கள். பலத்தைக் கூட்ட வேண்டாம்.

மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டினாலே பாதி வந்துவிடும் (நகம் வேண்டாம்). மீதிக்கு டார் ரிமூவர் (தார்க் கறை நீக்கும் திரவம்) நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். தின்னர் பக்கமே போகாதீர்கள். பழைய கார் என்றால் எழுத்து இருந்த தடம் நிழல்போல் தெரியும். பாலிஷ் போட்டால் மங்கும், முழுக்க மறையும் என்று சொல்ல மாட்டேன்.

நடு லோகோவில் மட்டும் அவசரப்படாதீர்கள். சிலவற்றுக்குப் பின்னால் ஊசிபோல் பின் இருக்கும். எடுத்தால் ஓட்டை பல்லிளிக்கும். ஃபோக்ஸ்வேகன் போலோவிலோ அந்த லோகோதான் டிக்கியைத் திறக்கும் கைப்பிடியே!