பெரிய வீடு வாங்கும் முன் கிரெடிட் கார்டு கடனை அடைப்பது எப்படி?

இரண்டு படுக்கையறை வீட்டை விட்டு மூன்று படுக்கையறை வீட்டுக்கு மாற எண்ணும் பலர், முன்பணம் சேர்ப்பதில் காட்டும் அக்கறையைக் கார்டு நிலுவையில் காட்டுவதில்லை. வீட்டுக்கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்த நிலுவையும் தீர்மானிக்கிறது.

படி 1: எல்லாக் கார்டுகளின் கடைசி மாத ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து, நிலுவை, மாத வட்டி விகிதம், ஓடிக்கொண்டிருக்கும் தவணைகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும் என்பதால், அதையும் பெற்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: மாதந்தோறும் கட்டாயம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை என்ன செய்கிறது என்பதைக் கணக்கிடுங்கள். நிலுவை 2,00,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம் என்றால், வட்டி 7,000 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,260 ரூபாய். நிலுவையில் 5 சதவீதமான 10,000 ரூபாயை மட்டும் கட்டினால், அசலில் குறைவது வெறும் 1,740 ரூபாய். வீட்டுக்கடனைப் பரிசீலிக்கும் பல வங்கிகள் இந்த 5 சதவீதத்தையே உங்கள் மாதச் சுமையாகக் கழித்துக்கொள்கின்றன. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய் தவணை என்பதால், அந்த 10,000 ரூபாய் உங்கள் கடன் தகுதியில் ஏறத்தாழ 11.5 லட்சத்தைக் குறைத்துவிடும். இரண்டு லட்சம் பாக்கிக்கு இது மிகப் பெரிய விலை.

படி 3: கார்டில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். பாக்கி நிற்கும்போது வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

படி 4: மருத்துவம் போன்ற அவசரத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, வங்கி வைப்புநிதியில் மிஞ்சியிருப்பதை எடுத்து, வட்டி அதிகமுள்ள கார்டை முதலில் அடையுங்கள். 7 சதவீதம் ஈட்டும் பணத்தைக் காத்துக்கொண்டு ஆண்டுக்கு 42 சதவீதம் கட்டுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கையிருப்பு போதாதென்றால் நகைக்கடனையோ தனிநபர் கடனையோ பெற்றுக் கார்டை முழுதாகத் தீர்க்கலாம். 2,00,000 ரூபாயை 14 சதவீதத்தில் 24 மாதத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 9,600 ரூபாய். குறைந்தபட்சத் தொகையைவிடக் குறைவு, இரண்டே ஆண்டில் கடனும் முடிந்துவிடும்.

படி 5: 'பாதியைக் கட்டுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம்' என்ற செட்டில்மென்ட் அழைப்பை ஏற்காதீர்கள். அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவானால், வீட்டுக்கடன் அதிகாரி முதலில் கேட்பது அதைப் பற்றியே. முழுவதும் கட்டி, நிலுவையில்லாச் சான்றைப் பெறுங்கள்.

படி 6: 2025 ஜனவரி முதல் வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 நாளுக்கொரு முறை தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், கட்டியபின் ஓரிரு மாதத்தில் அறிக்கையைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். மிகப் பழைய கார்டை மூடவேண்டாம். கடன் தொகை கைக்கு வரும்வரை, புது வீட்டுக்கான சோபாவையும் ஃபிரிட்ஜையும் தவணையில் எடுக்காதீர்கள். பணம் விடுவிக்கும் முன் வங்கி அறிக்கையை மீண்டும் பார்ப்பதுண்டு.