பெரிய டயர் போட்ட ஜீப்பில் ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வது எப்படி?

வண்டியின் உடலை உயர்த்தும் லிஃப்ட் கிட் ஏற்றி, 33 இன்ச் டயரும் மாட்டியாகிவிட்டது. காட்டுப் பாதையில் வண்டி நன்றாகத்தான் ஏறுகிறது. நெடுஞ்சாலைக்கு வந்தால்தான் சிக்கல் தெரியும். ஸ்பீடோமீட்டர் முள் 55 மைல் வேகத்தில் நிற்கும்போது ஜிபிஎஸ் 60 காட்டும். வேகக் கட்டுப்பாட்டுக்குள் போவதாக நினைத்துக்கொண்டே அதை மீறி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பெரிய டயரும் உயர்ந்த உடலும் உள்ள வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும் என்பதால், இதை அபராதத்தோடு முடியும் விஷயமாக நான் பார்ப்பதில்லை. டயர் மாற்றிய அதே வாரத்தில் முடிக்க வேண்டிய வேலை இது.

காரணம் எளிது. ஸ்பீடோமீட்டர் சாலையை அளப்பதில்லை, ஒரு ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மட்டும் எண்ணுகிறது. ‘இத்தனை சுற்றுக்கு இவ்வளவு தூரம்’ என்ற கணக்கைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிடுகிறார்கள். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிகத் தூரம் போகும், பழைய கணக்கு குறைவாகக் காட்டும். ஆக்சிலில் கிரவுன்-பினியன் விகிதத்தை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்ணை, மாற்றினாலும் கணக்கு மாறும், ஆனால் எதிர்த்திசையில். 3.73-ஐ எடுத்துவிட்டு 4.56 போட்டால் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும், முள் அதிகமாகக் காட்டும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் இதே எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. பத்து சதவீதப் பிழை இருந்தால், 5,000 மைலில் மாற்றுவதாக நினைக்கும் ஆயிலை ஏறக்குறைய 5,500-இல் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். எரிபொருள் மைலேஜும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ‘பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது’ என்று வருத்தப்படுபவர்களின் கணக்கில் ஒரு பகுதி இந்தப் பிழையாகவே இருக்கும்.

இங்கே உதாரணத்துக்கு ஜீப் ரேங்ளர் டிஜே மாடலில் 1997 முதல் 2002 வரை வந்த வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கியரை மாற்றினால் வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் வேறு எந்த வண்டியிலும் கைகொடுக்கும்.

படி 1: பிழையை அளந்துகொள்ளுங்கள்

பாகம் எதையும் இப்போதே வாங்க வேண்டாம். பல தொழிற்சாலை ஸ்பீடோமீட்டர்கள் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டும்படியே அமைக்கப்படுகின்றன. ஐரோப்பிய நாடுகள் உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 39 இதைத் தெளிவாகச் சொல்கிறது: காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் கீழே போகக் கூடாது, மேலே போனாலும் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே அப்படிக் கூடுதலாகக் காட்டிய வண்டியில் டயரை ஒரே ஒரு அளவு பெரிதாக்கினால், பிழை தானாகவே நேராகிவிடவும் கூடும். அளக்காமல் திருத்தினால் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவோம்.

டயரில் சாலைக்கு வைக்கும் காற்றழுத்தம் இருக்கட்டும். மணலுக்காகக் காற்று இறக்கிய நிலையில் அளக்காதீர்கள். மேடுபள்ளம், வளைவு, மர நிழல் இல்லாத நேரான சாலையாகப் பாருங்கள். போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியைத் திறந்து பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள், நீங்கள் சாலையைப் பார்த்து ஓட்டுங்கள். ஜிபிஎஸ் சற்றுத் தாமதமாகத்தான் வேகத்தைக் காட்டும் என்பதால், ஒவ்வொரு வேகத்திலும் முள்ளைச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தி, அதன்பிறகு குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முள்ளில் 30, 45, 55 என்று மூன்று இடங்களில் எடுத்தால் போதும். உங்கள் வண்டியில் கி.மீ. என்றால் கி.மீ.யிலேயே எடுங்கள், விகிதம் ஒன்றுதான்.

மூன்று இடங்களில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. டயராலோ கியராலோ வரும் பிழை எல்லா வேகத்திலும் ஒரே சதவீதமாக இருக்கும். 30-இல் 3, 60-இல் 6 என்று வளர்ந்தால் அது நம் ஆள்தான். எல்லா வேகத்திலும் மாறாமல் 5 மைல் தள்ளியே காட்டினால் கோளாறு முள்ளிலோ மீட்டரிலோ இருக்கிறது. முள் துடித்துக்கொண்டே இருந்தால் கேபிளையோ சென்சார் கனெக்டரையோ பாருங்கள். இந்த இரண்டு கோளாறும் கியரை மாற்றுவதால் தீராது.

ஜிபிஎஸ் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. நெடுஞ்சாலை மைல் கற்களுக்கு நடுவே ஒரே வேகத்தில் ஓட்டி, ஒரு மைலைக் கடக்க எத்தனை நொடி ஆனது என்று பாருங்கள். 3,600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். 60 நொடி என்றால் 60 மைல் வேகம்.

படி 2: டயரை உருட்டி அளந்து சரிபாருங்கள்

டயரின் பக்கச் சுவரில் ‘33’ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ரிம்மில் மாட்டி வண்டியின் பாரம் இறங்கிய பிறகு, பெரும்பாலான டயர்கள் அந்த எண்ணுக்குக் குறைவாகவே உருளும். வீல் நடுவிலிருந்து தரை வரை அளந்து இரட்டிப்பாக்குவதும் சரிவராது. ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை சுருங்காது. அதனால் கீழே நசுங்கியிருந்தாலும், ஒரு சுற்றுக்கு அது போகும் தூரம் அந்த உயரத்தை வைத்துப் போடும் கணக்கைவிட அதிகமாகவே இருக்கும்.

உருட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். டயர் ஐந்து முழுச் சுற்று சுற்றும்வரை வண்டியை நேராக மெல்ல நகர்த்தி, கோடு மறுபடி கீழே வரும் இடத்தைக் குறியுங்கள். மொத்தத் தூரத்தை ஐந்தால் வகுங்கள். பழைய டயர் இன்னும் கையில் இருந்தால், அதை மாற்றுவதற்கு முன்பே இப்படி அளந்து எழுதி வைத்துவிடுவது உத்தமம். புதியது 2.55 மீட்டர், பழையது 2.32 மீட்டர் என்று வந்தால் விகிதம் 1.10. முள் 55 காட்டும்போது உண்மை 60-க்குச் சற்று மேலே இருக்க வேண்டும். ஜிபிஎஸ் எண்ணும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

பழைய டயர் இல்லையென்றால் அளவெண்ணிலிருந்து தோராயமாகப் போடலாம். 265/70 ஆர்16 என்றால், 265-இன் 70 சதவீதம் 185.5 மி.மீ.; அது மேலும் கீழுமாக இரண்டு முறை, 371; ரிம் 16 இன்ச், அதாவது 406.4, மொத்த விட்டம் 777.4 மி.மீ.

படி 3: பல் கணக்கு

டிஜேயில், இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பகுதியில், வண்டியின் இடப்பக்கமாக ஒரு சென்சார் இருக்கும். மூன்று வயர் கொண்ட கனெக்டர் அதில் செருகியிருக்கும். அதன் உள்முனையில் இருப்பதுதான் ஸ்பீடோமீட்டர் கியர். அதில் எத்தனை பல் என்று பெரும்பாலும் கியரிலேயே குறித்திருக்கும். இல்லையென்றால் ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து நிதானமாக எண்ணுங்கள். கியரின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

கணக்கு ஒரே வரிதான்:

புதிய பல் எண்ணிக்கை = பழைய பல் எண்ணிக்கை × முள் காட்டும் வேகம் ÷ உண்மை வேகம்

பல் குறைந்தால் இந்தக் கியர் வேகமாகச் சுற்றும், முள் மேலே ஏறும். இது மட்டும் மனத்தில் பதிந்தால் பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பமே வராது.

கழற்றிய கியரில் 32 பல் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சில் விகிதம் 3.73, டயர் 30-லிருந்து 33 இன்ச்சுக்குப் போயிருக்கிறது. 32 × 30 ÷ 33 = 29.1. எனவே 29 பல் கியர் வாங்க வேண்டும்.

அதே வண்டியில் ஆக்சிலையும் 4.56-க்கு மாற்றினால், 32 × (30 ÷ 33) × (4.56 ÷ 3.73) = 35.6. இங்கே 35-ஆ, 36-ஆ? 36 போட்டால் உண்மை 60-இல் முள் 59.3 காட்டும். 35 போட்டால் 61 காட்டும். பலர் அருகில் இருக்கும் 36-ஐத்தான் எடுப்பார்கள். நான் 35-ஐ எடுக்கச் சொல்வேன். முள் உண்மைக்குக் கீழே காட்டுவதைவிட ஒரு மைல் மேலே காட்டுவது பாதுகாப்பு. டயர் தேயத் தேய விட்டமும் குறையும் என்பது உண்மைதான்: பக்கத்துக்கு 10 மி.மீ. தேய்ந்தால் 33 இன்ச் டயரில் அது 2.4 சதவீதம், அதனால் முள் இன்னும் சற்று மேலே போகும். ஆனால் அந்தப் பிழை ஓட்டுபவரை மெதுவாக்கும் பிழை. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆக்சிலை மாற்றும் திட்டம் இருந்தால் அதை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள். இல்லையென்றால் கியரை இரண்டு முறை வாங்க நேரிடும்.

படி 4: கியரை மாற்றுதல்

ஓட்டி வந்தவுடன் அடியில் போகாதீர்கள், சைலன்சர் குழாய் கையைச் சுட்டுவிடும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். லிஃப்ட் செய்த டிஜேயில் ஜாக்கி இல்லாமலே கீழே போக இடம் இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் படுக்காதீர்கள்.

சென்சாரைச் சுற்றியுள்ள சேற்றையும் மண்ணையும் முதலில் பிரஷ் வைத்து நன்றாகத் துடையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுக் கழற்றினால் அந்த மண் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் விழும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், கொஞ்சம் ஆயில் ஒழுகும்.

கனெக்டரின் பூட்டைத் தளர்த்திக் கழற்றுங்கள். சென்சார் உறையைப் பிடித்திருக்கும் கிளாம்பை ஒரே ஒரு போல்ட்தான் தாங்குகிறது. அதை எடுப்பதற்கு முன், உறையின் விளிம்பில் இருக்கும் எண்களைப் பார்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். 26-31, 32-38, 39-45 என்று அதில் குறித்திருக்கும். முதல்முறை செய்பவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். உறையின் மையம் சற்று விலகிச் செய்யப்பட்டிருக்கிறது. கியர் பெரிதா சிறிதா என்பதற்கேற்ப உறையைத் திருப்பி வைத்தால்தான், உள்ளே இருக்கும் டிரைவ் கியரோடு அது சரியான இடைவெளியில் கடிக்கும். நம் உதாரணத்தில் 32 பல்லிலிருந்து 29-க்கு இறங்குகிறோம், எனவே வரம்பே மாறுகிறது. முன்பு 32-38 என்ற எண் கீழ்நோக்கி, கடிகாரத்தின் 6 மணி நிலையில் இருந்திருக்கும். இப்போது 26-31 அந்த இடத்துக்கு வர வேண்டும். பழைய நிலையிலேயே மாட்டினால் கியர் சரியாகக் கடிக்காமல் முள் செத்துக்கிடக்கும், அல்லது இறுக்கமாகக் கடித்துப் பிளாஸ்டிக் பல் தேய்ந்துபோகும். 32-இலிருந்து 35-க்குப் போகிறவர்களுக்கு இந்த வேலை இல்லை, இரண்டும் ஒரே வரம்பில் இருக்கின்றன.

உறையை மெல்ல ஆட்டி வெளியே இழுங்கள். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்ப வேண்டாம். பழைய கியரை உருவிவிட்டுப் புதியதை மாட்டுங்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகவோ வெடிப்பாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள், இவ்வளவு தூரம் கழற்றிய பிறகு அதில் மிச்சம் பிடிப்பதற்கில்லை. ஓ-ரிங்கில் கொஞ்சம் டிரான்ஸ்மிஷன் ஆயில் தடவி, உறையை உள்ளே தள்ளி, எண்ணைக் கீழ்நோக்கித் திருப்பி, கிளாம்பை வையுங்கள். போல்ட்டை அளவாக இறுக்கினால் போதும். அது அலுமினிய உடலில் ஏறும் சின்ன போல்ட், பலம் காட்டினால் மரை போய்விடும். கனெக்டர் பூட்டும் ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும்.

ஆயில் எவ்வளவு ஒழுகியது என்று தட்டில் பாருங்கள். கணிசமாகப் போயிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் அளவைப் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

வேறு வண்டி என்றால்

மாருதி ஜிப்ஸி, பழைய சிஜே ஜீப் போன்றவற்றில் கேபிள் சுற்றித்தான் முள் நகரும். கேபிளின் நடுவே மாட்டும் விகித மாற்றிப் பெட்டி என்று ஒன்று உண்டு. படி 1-இல் கிடைத்த விகிதத்தை, அதாவது உண்மை வேகத்தை முள் காட்டும் வேகத்தால் வகுத்து வரும் எண்ணைச் சொன்னால் அதற்கேற்ற பெட்டியைத் தருவார்கள். கேபிளில் கூர்மையான வளைவு இல்லாமல் போடுங்கள்.

சென்சார் மட்டும் இருந்து கியர் இல்லாத வண்டிகளுக்குச் சிக்னலைத் திருத்தும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டிகள் கிடைக்கின்றன. பவர், எர்த், சிக்னல் உள்ளே, சிக்னல் வெளியே என்று நான்கு வயர்தான். இதிலும் அதே விகிதம். 1.10 என்றால் பத்து சதவீதம் கூட்டி அமைக்க வேண்டும்.

2007-இல் வந்த ரேங்ளர் ஜேகே முதல் இந்த எண்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைய உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் கையடக்கக் கருவியில் டயர் அளவையும் ஆக்சில் விகிதத்தையும் கொடுத்தால் முடிந்தது. நடுவில் பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும், எனவே பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். அதற்கு அடுத்த ஜேஎல் மாடலில் வெளிக் கருவிகளைத் தடுக்கும் பாதுகாப்பு கேட்வே ஒன்றும் குறுக்கே இருப்பதால், அதைத் தாண்டும் பைபாஸ் கேபிளும் தேவைப்படும். இவற்றிலும் அச்சிட்ட 33-ஐக் கொடுக்காமல், உருட்டி அளந்து கிடைத்த சுற்றளவை 3.1416-ஆல் வகுத்து வரும் விட்டத்தைக் கொடுங்கள்.

இந்தியாவில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. டயர் வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 5: மறுபடியும் அளவுங்கள்

முதலில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். முள் துடிக்காமல் ஏற வேண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸில் கரகரப்புச் சத்தம் வரக் கூடாது. நிறுத்திவிட்டுச் சென்சாரைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்பிறகு படி 1-ஐ அதே சாலையில், அதே மூன்று இடங்களில் திரும்பச் செய்யுங்கள். பிழை இரண்டு சதவீதத்துக்குள், அதுவும் முள் கூடுதலாகக் காட்டும் பக்கமாக இருந்தால் அத்தோடு விட்டுவிடலாம்.

டிஜேயில் சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் ஷாஃப்டைப் படிப்பதால், நான்கு சக்கரமும் மெதுவான கியரில் இயங்கும் 4-லோவில் போட்டாலும் கணக்கு மாறாது. அதையும் ஒருமுறை மண் பாதையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஓடோமீட்டரில் ஏற்கெனவே ஓடிய எண்ணைத் திருத்தப் போகாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். சர்வீஸ் புத்தகத்தில் தேதி, அன்றைய ஓடோமீட்டர் எண், பழைய பல், புதிய பல், டயரின் உருளும் சுற்றளவு, அதுவரை இருந்த பிழையின் சதவீதம் ஆகியவற்றை எழுதுங்கள். பெரிய டயர் மாட்டிய நாளின் ஓடோமீட்டர் எண் தெரிந்தால் அதையும் சேருங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தை எப்போது செய்வது என்று கணக்கிடவும், நாளை வண்டியை வாங்குபவரிடம் உண்மையான ஓட்டத்தைச் சொல்லவும் அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.